மூக்கண்ணனின் வெள்ளைத் துணி

மூக்கண்ணனுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. மின்சார பில்லில் அது இருக்கிறது, வேறெங்கும் இல்லை. ஊருக்கு அவர் மூக்கண்ணன்தான். மூக்கு பெரிதென்று வந்த பெயரில்லை, பாவம், சப்பை மூக்குதான். அந்தச் சப்பை மூக்கு பார்த்த வேலை அப்படி. பழைய கார் ஒன்று சூடேறித் திணறிக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்றால், மற்ற மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து தலையை உள்ளே விடுவார்கள். இவர் காரின் பின்பக்கம் போவார்.

போய் என்ன செய்வார்? சட்டைப் பையிலிருந்து கைக்குட்டை அளவில் ஒரு வெள்ளைத் துணியை எடுப்பார். காருக்கு ஒன்றாகத் துவைத்து மடித்து வைத்த துணி. எஞ்சினை ஓடவிட்டு, புகைக்குழாயின் வாயை உட்புறமாகச் சுற்றித் துடைப்பார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு துணியை முகர்ந்து பார்ப்பார். பட்டறையே மூச்சு விடாமல் நிற்கும். கொஞ்சம் நாடகம்தான், ஆனால் பார்க்க நன்றாயிருக்கும். துணியில் இனிப்பு வாசனை அடித்தால், எஞ்சினைச் சுற்றி ஓடவேண்டிய கூலன்ட் உள்ளே கசிந்து எரிகிறது, எஞ்சினின் தலைப்பகுதிக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, எஞ்சினைப் பிரித்தே ஆகவேண்டும். இனிப்பு இல்லையென்றால் கோளாறு வெளியே எங்கேயோ இருக்கிறது. ஹோஸ், மூடி, விசிறி என்று தேடினால் அகப்பட்டுவிடும். இருபத்தெட்டு வருடத்தில் அந்தத் துணி ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை.

இதையே கண்டுபிடிக்கச் சுலபமான வழி ஒன்று இருக்கத்தான் செய்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்து, உள்ளே விடாமல் குமிழி வருகிறதா என்று பார்த்தால் போதும். கண் இருக்கிற யாரும் செய்யலாம். அதனாலேயே மூக்கண்ணனுக்கு அது ஆகாது.

"குமிழி பாக்கறது மூக்கில்லாதவன் வேலை" என்பார். பட்டறை ஓரத்தில் கிடக்கும் பழைய வேன் சீட்டில் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மற்றவர் பக்கத்துக் கடைத் தையல்காரர். இருவருக்கும் அங்கே ஒரு வேலையும் கிடையாது, ஆனால் ஒரு நாள் தவறாது.

மழைக்காலத் தொடக்கத்தில் மூக்கண்ணனுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஐந்து நாள் படுக்கையில் கிடந்து ஆறாம் நாள் எழுந்து காபி குடித்தவருக்கு, வெந்நீர் குடித்த மாதிரி இருந்தது. டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். ஒன்றுமில்லை. சோப்பை எடுத்து முகர்ந்தார். பெட்ரோல் கேனைத் திறந்து முகத்தை அதில் புதைக்காத குறையாக முகர்ந்தார். ம்ஹூம். டாக்டர், "வந்தாலும் வரும், வராமலும் போகும், பொறுமையா இருங்க" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார்.

அன்றைக்கே பட்டறையில் சொல்லித் தொலைத்திருக்கலாம். யார் தலையை வாங்கியிருப்பார்கள்? ஆனால் அவரால் முடியவில்லை. நாளைக்கு வந்துவிடும், அடுத்த வாரம் வந்துவிடும் என்று தள்ளிப்போட்டார். கார் வந்தால் வழக்கம்போலத் துணியை எடுத்தார், துடைத்தார், கண்ணை மூடினார். மூடிய கண்ணுக்குள்ளே, புகை வெள்ளையாக இருக்கிறதா, ஆயில் குச்சியில் பால் போல ஏதாவது ஒட்டியதா என்று கணக்குப் போட்டுவிட்டு ஒரு பதில் சொன்னார். நாலு மாதம் அவருடைய அதிர்ஷ்டத்தில் ஓடியது.

வீட்டில் மட்டும் தப்பமுடியுமா? அவர் மனைவி தபால் நிலையத்தில் ஊர்வாரியாகக் கடிதம் பிரிக்கிறவள். ஒரு நாளைக்கு ஆயிரம் கையெழுத்தைப் படிக்கிறவளுக்கு ஒரு மூஞ்சியைப் படிக்கத் தெரியாதா? அவர் முதன்முதலில் அவள் வீட்டுக்குப் போன அன்று பேசிய முதல் பேச்சே, "உள்ள பால் கருகுதுங்க" என்பதுதான். அடுப்படியில் நின்றவளுக்கே தெரியாத வாசனை வாசலில் நின்றவருக்குத் தெரிந்தது. அப்படிப்பட்டவர் இப்போது அடுப்புக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து செய்தித்தாள் படிக்கிறார், பால் பொங்கி வழிந்து, தீய்ந்து, பாத்திரம் கரியாகிறது, அவர் பக்கத்தைப் புரட்டுகிறார். குளித்துவிட்டு வந்து இந்தக் காட்சியைப் பார்த்தவள் அடுப்பை அணைத்தாள். கரிப்பாத்திரத்தைத் தொட்டியில் போட்டாள்.

"லேசா சளி" என்றார் அவராகவே.

"ம்" என்றாள் அவள். அவராகச் சொல்லட்டும் என்று அன்றிலிருந்து இரண்டு மாதம் வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள். அதற்குள்ளே அவளுக்கு எவ்வளவு கோபம் இருந்தது என்பது பாத்திரம் தேய்க்கிற சத்தத்திலேயே கேட்டது.

இப்படி இருக்கும்போதுதான் ஒரு வெள்ளிக்கிழமை மாலை நர்ஸக்காவின் கார் வந்தது. நர்ஸக்கா பேறுகாலம் பார்க்கிற நர்ஸ், ஓய்வுக்கு இரண்டு வருடம் இருக்கிறது. அவருடைய நீலக்காருக்கு இருபத்தாறு வயது. சனிக்கிழமை தோறும் அந்தக் காரில் மலைமேல் குடியிருப்புக்குப் போய், அங்கே இருக்கும் கர்ப்பிணிகளைப் பார்த்துவிட்டு வருவார்.

"தம்பி, ரெண்டு வாரமா சூடு காட்டற முள்ளு மேல ஏறுது" என்றார் நர்ஸக்கா. "கூலன்ட்டும் குறையுது. கீழ ஒரு சொட்டு காணோம். எங்கதான் போகுதோ."

கீழே சொட்டாமல் குறைகிறது என்றால் மூக்கண்ணனுக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வந்தது. மூடியைக் கழற்றிக் குமிழி பார்த்துவிடலாம் என்று கைகூடப் போனது. வேன் சீட்டில் வாத்தியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வேடிக்கைக்குத் தயாராகிவிட்டார். தையல்காரர், "துணியை எடுங்கண்ணே" என்றார். மூக்கண்ணன் துணியை எடுத்தார்.

துடைத்தார், கண்ணை மூடினார், ஆழமாக இழுத்தார். ஊதுபத்திக் கட்டையே எரித்திருந்தாலும் அவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. மெல்லிய மழைத்தூறல், குளிர்ந்த மாலை, எல்லாக் காரும் வெள்ளைப் புகை விடும் நேரம், ஆகவே கண்ணும் கைகொடுக்கவில்லை.

"சுத்தம்க்கா" என்றார்.

பிறகு தேடியதில் ஒரு ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தது அகப்பட்டது. 'அப்பாடா, இதுதான்' என்று மனதை ஏமாற்றிக்கொண்டு அதை மாற்றினார், மூடியையும் மாற்றினார், கூலன்ட் நிரப்பினார்.

"நாளைக்கு மலை ஏறும்ல? மேல ஒரு பொண்ணுக்கு எட்டு மாசம் முடிஞ்சிருக்கு, காலெல்லாம் வீங்கியிருக்குன்னு தகவல். ஒருவேளை கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வரணும்."

"தாராளமா ஏறும்க்கா."

துணியைக் குப்பையில் போடாமல் பேன்ட் பையில் திணித்துக்கொண்டார். ஏன் என்று அவருக்கே தெரியாது.

மறுநாள் காலை ஒன்பது மணி. மனைவி தபால் நிலையத்துக்கு லீவு போட்டுவிட்டுத் துணி துவைக்க உட்கார்ந்திருந்தாள். பேன்ட் பையைத் துழாவியவள் வெள்ளைத் துணியை வெளியே எடுத்தாள்.

"என்னங்க, இதுல என்ன துடைச்சீங்க? சர்க்கரைப் பாகு மாதிரி வாசனை."

பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் பிரஷ்ஷோடு அப்படியே நின்றார். "எதுல?"

"இந்த வெள்ளைத் துணியில. புகை வாசனைதான், அதுக்குள்ள இனிப்பா ஒண்ணு. குமட்டுது."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. கூலன்ட் ஊற்றிய கையைத் துடைத்தது பட்டறைச் சாக்கில். இந்தத் துணி புகைக்குழாயைத் தவிர வேறெதையும் தொடவில்லை. நர்ஸக்காவுக்கு போன் போட்டார். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. மலையில் ஏறிவிட்டார் என்று பொருள்.

"எனக்கு வாசனை தெரியாது" என்றார். பற்பசை நுரை தாடையில் வழிந்தது. "நாலு மாசமா தெரியாது. நேத்து சும்மா மோந்து பாக்கற மாதிரி நடிச்சேன். அந்தக் காரு மலை ஏறாதும்மா."

இரண்டு மாதமாக இந்தப் பேச்சுக்குக் காத்திருந்தவள் ஒரு கண்ணீர் விட்டிருக்கலாம், நாலு வார்த்தை திட்டியும் இருக்கலாம். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டர் சாவியை எடுத்தாள். "வாயைக் கொப்பளிச்சிட்டு வாங்க. தண்ணி கேனையும் எடுத்துக்குங்க."

அவள்தான் ஓட்டினாள். அவர் பின்னால் உட்கார்ந்திருந்தார், மடியில் பத்து லிட்டர் கேன். ஒவ்வொரு வளைவு திரும்பும்போதும் நீலக்கார் கண்ணில் படவேண்டும் என்றும் நினைத்தார், படக்கூடாது என்றும் நினைத்தார். ஏழாவது வளைவில் நின்றிருந்தது. பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி போய்க்கொண்டிருந்தது. ஓரக் கல்லில் நர்ஸக்கா பையை அணைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

"முள்ளு சிவப்பைத் தொட்டதும் நிறுத்திட்டேன் தம்பி. நீ சொல்லிக் கொடுத்ததுதானே. மூடியத் தொடல" என்றார். தான் சொன்னதை அவர் நம்பி நடந்திருக்கிறார் என்பது மூக்கண்ணனுக்கு இன்னும் வலித்தது.

சொன்னார். நாலு மாதக் கதையையும் நடுரோட்டில் நின்று, தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்.

நர்ஸக்கா கேட்டு முடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "உன் மூக்கு எப்படி இருக்குன்னு நான் கேட்கவே இல்லையே தம்பி. கார் மலை ஏறுமான்னுதானே கேட்டேன்?"

மூக்கண்ணன் கையிலிருந்த கேனைக் கீழே வைத்தார்.

"கோபம் வருது. அப்புறம் வச்சுக்கறேன்" என்று எழுந்தார் நர்ஸக்கா. மனைவியைப் பார்த்து, "ஸ்கூட்டர் மேல வரைக்கும் ஏறுமாம்மா?" என்றார்.

"ஏறும்க்கா. இதை நான்தான் பாத்துக்கறேன், இவர் கை வைக்கறதில்ல" என்றாள் அவள். பெண்கள் இருவரும் பையோடு கிளம்பி வளைவில் மறைந்தார்கள்.

மூக்கண்ணன் தனியாக நின்றார். பானட்டைத் தூக்கிவிட்டுக் கல்லில் உட்கார்ந்தார். சூடான எஞ்சினில் அவசரம் காட்டினால் முகம் வெந்துபோகும், ஒரு முக்கால் மணி நேரம் பொறுத்தாக வேண்டும். ரேடியேட்டர் மேல் உள்ளங்கை வைத்துத் தாங்குகிற பதம் வந்ததும், மூடியில் துணி போட்டுக் கால் சுற்றுச் சுற்றி, மிச்ச ஆவியை விட்டு, பிறகு கழற்றினார். தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார். மூடியைப் போடாமலே ஸ்டார்ட் செய்துவிட்டு வந்து குனிந்து பார்த்தார்.

குமிழி வந்தது. ஒன்றன்பின் ஒன்றாக, நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. கண் இருக்கிற யாருக்கும் தெரியும். நேற்று மாலை இரண்டு நிமிடம் இதைப் பார்த்திருந்தால் போதும், வேன் சீட்டிலிருந்து இரண்டு பேர் பார்த்தார்கள் என்பதற்காகப் பார்க்கவில்லை. வெட்கமாக இருந்தது. வண்டி எதுவும் வராத அந்தச் சாலையில், பானட்டுக்குள் தலையை விட்டபடி கொஞ்சம் அழுதார்.

அழுதுவிட்டு வேலையைப் பார்த்தார், அந்தக் கர்ப்பிணிப் பெண்ணைக் கீழே கொண்டுவர மேலே ஒரு வண்டி வேண்டும். அழுத்தம் கூடாமலிருக்க மூடியைப் பாதி மட்டும் திருகினார். காருக்குள் ஹீட்டரை முழுவதும் திறந்துவிட்டார், எஞ்சின் சூட்டில் ஒரு பங்கு உள்ளே வந்துவிடும். ஜன்னல்களை இறக்கிவிட்டு, ஒரு வளைவுக்கு ஓட்டி, நிறுத்தி ஆறவிட்டு, மறுபடி ஓட்டினார். மேலே போய்ச் சேர்ந்தபோது சட்டையைப் பிழிந்தால் ஒரு வாளி நிறைந்திருக்கும்.

நர்ஸக்கா வாசலிலேயே காத்திருந்தார். "பொண்ணுக்கு ரத்த அழுத்தம் ஏறிக் கிடக்கு. இன்னைக்கே ஆஸ்பத்திரியில சேர்க்கணும். இங்க இருக்கிற ஒரே ஜீப் காலையிலயே எங்கயோ போயிடுச்சு. இறங்குமா தம்பி? மூக்குல கேட்கல, உண்மையக் கேட்கறேன்."

மூக்கண்ணன் கீழே இறங்கும் சாலையைப் பார்த்தார். யோசித்தார். "ஏறத்தான் கஷ்டம்க்கா. இறக்கத்துல எஞ்சினுக்குப் பாரம் இல்ல. நிறுத்தி நிறுத்திப் போனா இறங்கும். ஆனா ஒண்ணு, உள்ள கசிவு கூடுதான்னு எனக்குத் தெரியாது. அதை மோந்து பாக்க ஆள் வேணும்." மனைவியைப் பார்த்தார். "நீ பின்னாலயே வா. இனிப்பு வாசனை கூடினா ரெண்டு ஹாரன் அடி. நிறுத்திடறேன்."

"நிறுத்துவீங்களா?"

"சத்தியமா நிறுத்தறேன்."

அப்படித்தான் இறங்கினார்கள். பின் சீட்டில் கர்ப்பிணிப் பெண், பக்கத்தில் நர்ஸக்கா, அதற்குப் பின்னால் புகையை முகர்ந்துகொண்டே ஸ்கூட்டரில் மனைவி. உள்ளே ஹீட்டர் அனலாக வீசியது.

"ஐயோ, எதுக்குண்ணே இந்தச் சூடு?" என்றாள் அந்தப் பெண், முந்தானையால் விசிறிக்கொண்டு.

"எஞ்சினுக்குக் காய்ச்சல்மா. நாமளும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கறோம்."

அவள் சிரித்தாள். நர்ஸக்கா சிரிக்கவில்லை, ஆனால் ஜன்னலை இன்னும் கொஞ்சம் இறக்கிவிட்டார்.

மூன்று முறை ஹாரன் கேட்டது. மூன்று முறையும் அவர் அந்த இடத்திலேயே ஓரங்கட்டினார், ஆறவிட்டார், குடியிருப்பில் நிரப்பிக்கொண்டு வந்த தண்ணீரை ஊற்றினார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவள் சொன்னதும் மறுபேச்சில்லாமல் அவர் நின்றது அன்றைக்குத்தான். மதியம் மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி வாசலில் பெண்ணை இறக்கிவிட்டார்கள். கார் அங்கேயே, வாசலுக்குப் பக்கத்திலேயே நின்றுபோனது. கயிறு கட்டித்தான் பட்டறைக்கு இழுத்துவந்தார்.

திங்கட்கிழமை வாத்தியாரும் தையல்காரரும் வந்து உட்கார்ந்தபோது, மூக்கண்ணன் வேறொரு காரின் ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மூக்கண்ணே, குமிழியா பாக்கறீங்க?" என்றார் தையல்காரர், ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவர் போல.

"ஆமா. எனக்கு வாசனை தெரியாது. காய்ச்சலுக்கப்புறம் மூக்கு போச்சு. இனிமே இப்படித்தான் பாப்பேன்."

வாத்தியார் மனதுக்குள் கணக்குப் போட்டு முடித்துவிட்டுக் கேட்டார். "போன மாசம் என் வண்டியில பெட்ரோல் வாசனை வருதுன்னேன். நீ மோந்து பாத்துட்டு, 'ஆமா சார், வருது'ன்னியே?"

"பொய் சார்."

"அடப்பாவி! நான் அதை நம்பி, வண்டி வீட்டுக்குள்ள நிக்குதேன்னு ரெண்டு நாள் விளக்கு ஏத்தாம இருட்டுல உக்காந்திருந்தேன்டா!"

தையல்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மூக்கண்ணனும் சிரித்தார், நாலு மாதத்தில் முதல் தடவையாக. பெயரை மாற்றிவிடலாமா என்று ஒரு பேச்சு நடந்தது, இருபத்தெட்டு வருடப் பழக்கத்தை நாக்கு விடாது என்று கைவிட்டார்கள்.

நர்ஸக்காவின் எஞ்சினைப் பிரித்து, ஹெட்டை லேத் பட்டறையில் சமன் செய்து, புது கேஸ்கெட் போட்டு முடிக்கப் புதன்கிழமை ஆனது. குமிழி இல்லை. அதுவும் போதவில்லை அவருக்கு. வேலை முடிந்து வந்த மனைவியைக் கூப்பிட்டு வெள்ளைத் துணியை நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, "வெறும் புகை. நாத்தம்தான், இனிப்பு இல்ல" என்றாள். அந்தக் காரிலேயே இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். ஞாயிறு விடியற்காலையில் பெண் குழந்தை பிறந்திருந்தது.

நர்ஸக்கா வார்டு வாசலில் சாவியை வாங்கிக்கொண்டார். "யார் பாத்தது?" என்றார்.

"குமிழி நான் பாத்தேன்க்கா. வாசனை இவ பாத்தா."

"அப்ப சரி." சாவியைப் பையில் போட்டுக்கொண்டார். "கோபம் பாதி இன்னும் இருக்கு. உள்ள வா, குழந்தையைப் பாரு."

அந்தப் பெண் படுக்கையில் சாய்ந்திருந்தாள். கால் வீக்கம் வடிந்திருந்தது. "காய்ச்சலைப் பங்கு போட்ட அண்ணன் வந்துட்டார்" என்று குழந்தையிடம் சொல்லிவிட்டு, அவர் கையில் கொடுத்தாள். கிரீஸ் ஏறிய கையில் எப்படி வாங்குவது என்று தெரியாமல் வாங்கினார். பூனைக்குட்டி கனம்கூட இல்லை. நினைக்காமலேயே குனிந்து குழந்தையின் உச்சந்தலையை முகர்ந்தார்.

ஒன்றும் தெரியவில்லை. எத்தனை முறை இழுத்தும் ஒன்றும் தெரியவில்லை. கார் புகைக்கும் பெட்ரோலுக்கும் அவர் இப்படி ஏங்கியதில்லை. கண் நிறைந்துவிட்டது.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள். குழந்தையின் தலையில் மூக்கை வைத்து, அவசரமில்லாமல், துணியை முகர்ந்த அதே கவனத்தோடு முகர்ந்தாள்.

"பால் வாசனை" என்றாள் மெதுவாக. "கொஞ்சம் பவுடர். வெயில்ல காயவச்ச துணி வாசனை."

"அப்புறம்?" என்றார் அவர்.

"இருங்க, சொல்றேன்" என்று அவள் மறுபடியும் குனிந்தாள்.